முதுகில் விழுப்புண்: பழைய ஜப்பானிய வாளின் காயம் போரில் பட்டதா என்று பார்ப்பது எப்படி?

மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். மகன் முதுகில் புண்பட்டுச் செத்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாளோடு களத்துக்குக் கிளம்பிய தாயின் கதையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஜப்பானிய வாள் விஷயத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். வாளின் வாயில், அதாவது வெட்டும் பக்கத்தில், இருக்கும் காயம் பெரும்பாலும் வெறும் சேதம், விலையைக் குறைக்கும். முதுகில் எதிராளியின் வாள் விழுந்த தழும்பு இருந்தால் அதை 'ஹொமாரே கிசு' என்பார்கள், அதாவது பெருமைக்குரிய காயம். சாணை பிடிப்பவர்கூட அதைத் தேய்த்து மறைக்காமல் விட்டுவிடுவார்.

இந்தப் பெருமைதான் தொல்லைக்கும் காரணம். விற்பவருக்கு ஒவ்வொரு கீறலும் 1600இல் நடந்த செகிகஹாரா பெரும்போரில் பட்டது. வாங்குபவருக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. 1945இல் தென்கிழக்கு ஆசியாவில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகளின் வாள்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் கைக்கும் வந்தன. அதனால் இப்படி ஒரு வாள் தாத்தாவின் பெட்டியிலிருந்து நம் வீடுகளிலும் வெளிவரலாம். "இது போரில் பட்டது" என்று வீட்டில் ஒரு கதையும் கூடவே வரும். கதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இரும்பைப் பார்ப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

பேர் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதிகள்

நிறையப் பெயர்கள் வேண்டாம். வெட்டும் பக்கம் வாய். அதற்கு எதிர்ப்பக்கம் முதுகு, ஜப்பானியத்தில் முனே. வாளின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் மேடு ஷினோகி. அந்த மேட்டுக்கும் முதுகுக்கும் நடுவே உள்ள பட்டை ஷினோகி-ஜி. நுனிப் பகுதி கிஸ்ஸாகி. வாயை ஒட்டி வெண்மையாக, அலையலையாகத் தெரியும் கடினப்பகுதியின் கோலம் ஹமோன். பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டு நகாகோ. அதன் மேலே வாளைக் கவ்வி நிற்கும் உலோகப் பூண் ஹபாகி.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்; இனிச் சொல்லப்போகும் எல்லாம் இதில்தான் நிற்கிறது. வாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதற்கு முன் கொல்லர் அதன்மேல் களிமண் பூசுவார். முதுகுப் பக்கம் தடிமனாக, வாய்ப்பக்கம் மெல்லியதாக. வாய் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து மெத்தென்று இருக்கிறது. கடினமான வாய் அடிபட்டால் உடையும், சில்லு தெறிக்கும். மெத்தென்ற முதுகில் இன்னொரு வாளின் வாய் விழுந்தால் உடையாது, வெட்டு பதியும். ஒரே அடி, விழும் இடத்தைப் பொறுத்து இரண்டு விதமான காயம்.

முதல் படி: கெடுக்காமல் திறப்பது

துருப்பிடித்து உறையில் சிக்கிய வாளை இழுத்துப் பிடுங்காதீர்கள். உறைக்குள் வாளின் வாய் இருக்கும் பக்கத்தை விரல்களால் சுற்றிப் பிடித்திருந்தால், உறை பிளந்து விரல் போகும். வாளின் முதுகு கீழே பார்க்க, வாய் மேலே பார்க்க வைத்து, முதுகு உறையில் வழுக்கிக்கொண்டு வரும்படி மெல்ல இழுக்க வேண்டும். பிடியில் குறுக்கே செருகியிருக்கும் மூங்கில் ஆணியை, மெகுகியை, மரக்குச்சியால் தட்டி எடுத்தால் பிடி கழன்று நகாகோ தெரியும். அந்தத் தண்டின் கறுத்த துருவைத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. காலத்தைச் சொல்லும் முதல் சாட்சி அதுதான். அதை எலுமிச்சையும் புளியும் போட்டுப் பளபளப்பாக்கி, வாளின் மதிப்பில் பாதியைக் கழுவி ஊற்றியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

வாளின் உடம்பை வெறும் விரலால் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாக முளைக்கும். தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் (டார்ச் போதும், டியூப்லைட் உதவாது), அளவுகோல், பஞ்சுத்துணி. வாளின் எந்தக் குறையும் நேர் வெளிச்சத்தில் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழ வேண்டும், வாளைத் திருப்பிக்கொண்டே பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: சண்டையே இல்லாத காலத்து வாளா?

1615இல் ஒசாகா கோட்டை விழுந்த பிறகு, 1860கள் வரை, ஜப்பானில் பெரும்போர் என்று சொல்ல அதிகம் இல்லை. 1637-38 ஷிமாபரா கலகம் ஒரு விதிவிலக்கு. ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு சாமுராய்கள் வாளை இடுப்பில் செருகிக்கொண்டு கணக்கு எழுதினார்கள், வரி வசூலித்தார்கள், வரிசையில் நின்றார்கள். அந்தக் காலத்தில் செய்த வாள் பெரும்பாலும் ஒருமுறைகூட வெட்டியிருக்காது. 1596க்கு முந்தைய 'கோட்டோ' வாள்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கேயும் போர்க்களத்தின் முதல் ஆயுதம் வில், பிறகு ஈட்டி, 1543க்குப் பின் துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. வாள் பக்கத்துணை.

அடுத்த சாளரம் 1860கள்: கியோத்தோ தெருச்சண்டைகள், 1868-69 போஷின் உள்நாட்டுப் போர். கடைசியாக 1877 சட்சுமா கலகம். வாள் அணிவதை 1876இல் தடை செய்த அதே அரசு, மறு வருடம் தபாருசாகா மலைப்பாதையில் வாள் வீச்சில் தேர்ந்த காவலர்களைத் திரட்டி 'பத்தோதாய்' என்று ஒரு படையை இறக்க வேண்டிவந்தது.

ஆகவே கையில் உள்ளது 1700ஐ ஒட்டிய வாள் என்றால், "போரில் பட்டது" என்ற பேச்சை ஆரம்பத்திலேயே பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். முழுதாகத் தள்ள முடியாது. 1700இல் செய்த வாளை 1868இல் ஒருவர் உருவியிருக்கலாம்.

மூன்றாம் படி: சாணைக்கு முன் காயமா, காயத்துக்கு முன் சாணையா?

எல்லாப் படிகளிலும் இதுதான் கனமானது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஜப்பானிய வாளுக்குச் சாணை என்பது கூர் தீட்டுவது மட்டும் அல்ல. வாளின் மேற்பரப்பு முழுவதையும் கல் மாற்றிக் கல் மாற்றித் தேய்த்து, வடிவத்தையே திருத்தும் வேலை. முடிவில் முதுகையும் ஷினோகி-ஜியையும் எஃகு ஊசியால் அழுத்தித் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குவார்கள். இன்று நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு, கடைசியாகச் சாணை பிடித்த அன்று பிறந்தது.

இதிலிருந்து எளிமையான ஒரு தர்க்கம் வருகிறது. வாயில் ஒரு சில்லு தெறித்து, பல் விட்ட மாதிரி திறந்து கிடக்கிறது. சுற்றியுள்ள பரப்போ நல்ல பளபளப்போடு இருக்கிறது. சாணை பிடிப்பவர் வாயில் அப்படி ஒரு சில்லை வைத்துக்கொண்டு வேலையை முடித்து அனுப்ப மாட்டார். அப்படியானால் சில்லு சாணைக்குப் பிறகு வந்தது. சாணை 1930இல் பிடித்தது என்றால் சில்லு 1930க்குப் பிந்தியது. வாள் 1400ஆம் வருடத்தது என்பதால் காயமும் 1400ஆம் வருடத்தது ஆகிவிடாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதுகுத் தழும்பு இதற்கு விலக்கு. சாணைக்காரர் அதை மரியாதைக்காக விட்டுவைப்பதால், பல சாணைகளைத் தாண்டியும் அது உயிரோடு இருக்கும். தாண்டியதற்கான அடையாளமும் அதிலேயே இருக்கும்: வெட்டின் உதடுகள் மழுங்கியிருக்கும், பளபளப்பு உதட்டின் மேல் வழிந்து உள்ளே லேசாக இறங்கியிருக்கும், அடியாழத்தில் மட்டும் கறுத்த பழந்துரு தங்கியிருக்கும். உதடு கூராக, விரலைக் கிழிக்கும்படி எழும்பி நிற்கிறது, உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறது என்றால் அது சாணைக்குப் பின் வந்த புதுக்காயம். யார் என்ன கதை சொன்னாலும் சரி.

நான்காம் படி: முதுகுத் தழும்பை லென்ஸில் படிப்பது

இதன் பெயர் கிரிகோமி. நம்பத் தகுந்த ஒரே போர்ச் சாட்சி என்று நான் நினைப்பது இதைத்தான். எனவே இங்கே நேரம் செலவழியுங்கள்.

முதலில் திசை. வாளின் இரும்பு மடித்து மடித்து அடித்தது. அதன் நரம்பு நீளவாக்கில் ஓடும். அடிக்கும்போது சரியாக ஒட்டாமல் போன இடம் பின்னாளில் திறந்துகொண்டால், அந்தப் பிளவும் நரம்போடு சேர்ந்து நீளவாக்கிலேயே போகும். வெட்டு அப்படி அல்ல. நரம்பைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். முதுகில் நீளவாக்கில் ஒரு பிளவைக் கண்டு பரவசப்பட வேண்டாம். அது பட்டறையின் குறை, போரின் குறி அல்ல.

அடுத்தது வெட்டின் குறுக்குவடிவம். இன்னொரு வாளின் வாய் உண்டாக்கிய பள்ளம் 'V' போல இருக்கும். அடியில் மயிரிழை அளவுக்குக் குறுகும். ஒரு பக்கம் ஆழமாகத் தொடங்கி மறுபக்கம் போகப் போக மேலேறி மறையும். ஏனென்றால் விழுந்த வாள் சாய்வாக விழுந்திருக்கும். தள்ளப்பட்ட இரும்பு ஒரு பக்க உதட்டில் கூடுதலாகக் குவிந்திருக்கலாம்.

இப்போது போலிகள். அரத்தால் ராவியிருந்தால் உள்சுவரில் இணைகோடுகள் வரிவரியாகத் தெரியும். இரும்பறுக்கும் ரம்பம் என்றால் அடிப்பாகம் தட்டையாக, அகலம் ஒரே சீராக இருக்கும். உளி என்றால் தொடக்கமும் முடிவும் சட்டென்று நிற்கும், இரு பக்க உதடும் சமமாக உப்பும். இந்த மூன்றையும் பிரிக்க லென்ஸும் சாய்வான வெளிச்சமும் போதும்.

மூன்றாவது, சாய்வு. பெரும்பாலான வாள்களின் முதுகு கூரை மாதிரி இரு சரிவாக, நடுவில் முகட்டோடு இருக்கும். கையில் பிடித்த வாளால் ஓர் அடியைத் தாங்கும்போது எதிராளியின் வாள் முகட்டின் நட்டநடுவில், செங்குத்தாக, அளந்து வைத்த மாதிரி விழுவது அரிது. ஒரு சரிவில் விழும், அல்லது முதுகின் ஓரத்தையும் ஷினோகி-ஜியையும் சேர்த்துக் கடிக்கும். முகட்டில் நேராக, ஆழமாக, இரு பக்கமும் சமமாக ஒரு வெட்டு இருந்தால், வாளை எதன்மேலோ அசையாமல் வைத்து இன்னொன்றால் அடித்தார்கள் என்பதே என் முதல் ஐயம்.

நான்காவது இடம். அளவை நுனியிலிருந்து எடுங்கள், பிடியிலிருந்து எடுக்காதீர்கள். காரணம் இருக்கிறது. பழைய நீண்ட தாச்சி வாள்களைப் பின்னாளில் பலர் அடிப்பக்கம் வெட்டிக் குறுக்கினார்கள். மிகவும் குறுக்கி, பழைய நகாகோவே போய், வாளுடம்பின் கீழ்ப்பகுதி புது நகாகோவாக மாறியதை ஓசுரியாகே என்பார்கள். அப்படிப்பட்ட வாளில் ஹபாகிக்கு அடியிலோ நகாகோவின் முதுகிலோகூட ஒரு வெட்டு இருக்கலாம். "பிடிக்குள் இருக்கும் இடத்தில் எப்படி வாள் விழும்?" என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு காலத்தில் அது வெளியே இருந்த உடம்பு. அத்துடன், அந்த வெட்டு குறுக்குவதற்கு முந்தியது என்று காலத்தையும் சொல்லிவிடுகிறது. மாறாக, குறுக்கப்படாத 'உபு' நகாகோவில் வெட்டு இருந்தால் அது பெரும்பாலும் பட்டறை இடுக்கியின் அல்லது சுத்தியலின் வேலை.

ஐந்தாம் படி: வாயில் உள்ள சில்லுகள்

இதற்கு ஹகோபோரே என்று பெயர். சந்தையில் 'போர்ச்சேதம்' என்று அதிகம் விலைபோவதும் இதுதான், போரோடு மிகக் குறைவாகத் தொடர்புள்ளதும் இதுதான்.

வாயில் சில்லு தெறிக்கச் சண்டை தேவையில்லை. கீழே விழுந்தால் போதும். மரத்தை வெட்டினால் போதும். போர் முடிந்து வெளிநாடு போன வாள்கள் பல, கொல்லைப்புறத்தில் புதர் வெட்டவும், பிள்ளைகள் இரண்டு வாளை ஒன்றோடொன்று மோதி விளையாடவும் பயன்பட்டன. அப்படி மோதியதில் வரிசையாக, ஏறக்குறைய சம இடைவெளியில், ஒரே ஆழத்தில் சின்னச் சின்ன 'V' பற்கள் விழும். ஆறேழு பல் வரிசையாக இருந்தால் சாமுராயை விட்டுவிட்டு அந்த வீட்டுச் சிறுவனை நினையுங்கள்.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது. 1864 ஜூலை 8ஆம் தேதி இரவு கியோத்தோவில் இகெதாயா விடுதியில், ஷோகுன் ஆட்சியின் பக்கம் நின்ற ஷின்செங்குமி என்ற வாள்படை நுழைந்து நடந்த சண்டையைப் பற்றி, அதன் தலைவர் கொண்டோ இசாமி ஊருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வாள்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆள்வாரியாகச் சொல்கிறார். நாகாகுரா ஷின்பாச்சியின் வாள் ஒடிந்தது. ஓகித்தா சோஜியின் வாளில் நுனி போயிற்று. தோதோ ஹெய்சுகேயின் வாய், பாத்திரம் தேய்க்கும் மூங்கில் துடைப்பம் மாதிரி ஆனது. தன் வாள் மட்டும், பெயர்பெற்ற கொல்லர் கோதெட்சு செய்ததாலோ என்னவோ, தப்பித்தது என்கிறார். (அது உண்மையில் கோதெட்சு தானா என்று இன்றுவரை சந்தேகம் ஓயவில்லை. எனக்கும் உண்டு.) ஓர் இரவு, குறுகிய அறைகள், தாழ்ந்த கூரை, தூணும் உத்தரமும், நல்ல வாள்களின் கதி இது.

ஆகவே சண்டையில் வாய் பல்பல்லாகப் போகும், உண்மை. ஆனால் அந்த வாள்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று யோசியுங்கள். ஒடிந்தது குப்பைக்கு. பல் விட்டது சாணைக்கு. சரியானால் திரும்ப இடுப்பில் ஏறும், இல்லையென்றால் அதுவும் குப்பைக்கு. பிழைப்பே வாளாக இருந்தவன் உடைந்த வாயோடு வாளை நினைவுப்பொருளாக மாட்டி வைக்கவில்லை. நிஜமாகச் சண்டையிட்ட வாளின் வாய் இன்று ஒழுங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படித் தேய்த்து மறைத்த சேதத்தை வேறு வழியில் பிடிக்கலாம். வாயின் கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்து நீளவாக்கில் பாருங்கள்: எங்காவது லேசாக உள்வாங்கியிருக்கிறதா? அந்த இடத்தில் ஹமோன் மற்ற இடத்தைவிட வாயோரத்துக்கு நெருங்கி ஒட்டிக் கிடக்கிறதா? அப்படியென்றால் அங்கே ஒரு சில்லைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். நுனியில், ஹமோன் வளைந்து முதுகுக்குத் திரும்பும் பகுதி மிகக் குறுகியோ இல்லாமலோ போயிருந்தால், நுனி உடைந்து மறுபடி வடித்திருக்கலாம். மோனோஉச்சி எனப்படும் வெட்டும் பகுதி, அதாவது நுனியை அடுத்த மூன்றில் ஒரு பங்கு, மட்டும் மெலிந்திருந்தால் அது வேலைபார்த்த வாள். யாரை வெட்டியது, எதை வெட்டியது என்பது வேறு கேள்வி.

ஆறாம் படி: காயம் மாதிரித் தெரியும் காயமில்லாதவை

துரு அரித்த வாய் சில்லு மாதிரியே இருக்கும். ஆனால் அடி வட்டமாக, ஓரம் சொரசொரப்பாக இருக்கும், பக்கத்தில் ஊசிக்குழிகள் கூட்டமாகத் தெரியும். வாளின் பக்கப்பரப்பில் கொப்புளம் மாதிரி எழும்பி உடைந்திருப்பது ஃபுகுரே. அடிக்கும்போது உள்ளே அகப்பட்ட அழுக்கின் விளைவு. பரப்பில் சின்னதாக, நிறம் சற்று மாறி, பதித்த மாதிரி ஒரு இரும்புத் துண்டு தெரிந்தால் அது அப்படிப்பட்ட குறையை மறைக்க வைத்த ஒட்டு.

இரண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று ஹகிரே: வாயிலிருந்து செங்குத்தாக ஹமோனுக்குள் ஏறும் மயிரிழை விரிசல். இதற்குப் பள்ளம் இல்லை, அகலம் இல்லை. ஒரு கோணத்தில் தெரியும், அடுத்த கோணத்தில் மறையும். தண்ணீரில் முக்கிய அன்றே வந்திருக்கலாம், பின்னாளில் வளைந்ததாலோ அடிபட்டதாலோ வந்திருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் வாளுக்கு இது மரணக்குறி. அடுத்த அடியில் அங்கே ஒடியும். வாங்கும் எண்ணம் இருந்தால் போர்த்தழும்பைத் தேடுவதற்கு முன் இதைத் தேடுங்கள்.

இன்னொன்று ஷினாயே: வாளின் ஒரு பக்கத்தில் மட்டும், குறுக்காக, தோல் சுருங்கிய மாதிரி நெருக்கமான மெல்லிய சுருக்கங்கள். வாள் ஒருமுறை பலமாக வளைந்தது, பிறகு நிமிர்த்தினார்கள் என்று பொருள். எதிராளியின் கவசத்தில் மோதியும் வளையலாம். வைக்கோல் கட்டைக் கோணலாக வெட்டிய பயிற்சியாளன் கையிலும் வளையலாம். பின்னதே அடிக்கடி நடப்பது.

ஏழாம் படி: சோதனை வெட்டுகளைக் கழித்துக்கொள்வது

வாளைச் சோதிப்பது எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, ஜப்பானில் தனித்தொழிலாகவே இருந்தது. மரணதண்டனை பெற்றவர்களின் உடலை வெட்டிப் பார்த்து, முடிவை நகாகோவில் பொன்னால் பதிப்பார்கள். யாமானோ, யாமாதா குடும்பங்கள் இதில் பெயர் பெற்றவை. பொன் எழுத்தில் "இரண்டு உடல்" என்று இருப்பதைக் கண்டு போர் என்று எண்ணிவிடக் கூடாது.

அதைவிட முரட்டுச் சோதனைகளும் நடந்தன. 1853இல் மட்சுஷிரோ ஆட்சிப்பகுதியில் வாள்களை வைத்து வைக்கோலை வெட்டினார்கள், மான்கொம்பை வெட்டினார்கள், தலைக்கவசத்தை வெட்டினார்கள், பிறகு இரும்புத் தடியால் வாளின் முதுகிலேயே அடித்து எப்போது ஒடியும் என்று பார்த்தார்கள். பெரும்பெயர் பெற்ற கொல்லர் நாவோதானேயின் வாள் அதில் மானம் போனது. யாமாவுரா சானேயோவின் வாள் கடைசிவரை தாங்கியது. 1886இல் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் வாள்வீச்சு ஆசான் சகாகிபாரா கென்கிச்சி தலைக்கவசத்தின் மேல் வாளை இறக்கிக் காட்டியதும் போர் அல்ல. இப்படிப்பட்ட சோதனையில் முதுகில் விழும் அடையாளம் அகலமாக, நசுங்கலாக இருக்கும். தடி நசுக்கும், வாள்தான் அறுக்கும். 19ஆம் நூற்றாண்டு நடுவில் செய்த வாளில் நசுங்கிய பள்ளம் கண்டால் சோதனைக்களத்தையும் ஞாபகம் வையுங்கள்.

எட்டாம் படி: கதையை இரும்போடு ஒத்துப் பார்ப்பது

இரண்டு வாள்களைச் சொல்கிறேன். இரண்டும் அருங்காட்சியகத்தில் இருப்பவை.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள 'இஷிதா மாசாமுனே' என்ற வாளின் இன்னொரு பெயரே கிரிகோமி மாசாமுனே. முதுகில் வெட்டுத் தழும்புகள் தெளிவாக உண்டு. செகிகஹாராவில் தோற்ற தரப்பை நடத்திய இஷிதா மிட்சுனாரியின் வாள், முதுகில் வெட்டு. உடனே மனம் 1600, செகிகஹாரா என்று ஓடும். ஆனால் மிட்சுனாரி தன்னைப் பாதுகாப்பாகக் கொண்டுவிட்ட யூகி ஹிதேயாசுவுக்கு நன்றியாக இந்த வாளைக் கொடுத்தது 1599இல். செகிகஹாராவில் தோற்றபோது அது அவர் கையிலேயே இல்லை. தழும்பு நிஜம், பெயர் நிஜம். இரண்டையும் ஒரே போரில் முடிச்சுப் போடுவது நாம். இது நீளமான தாச்சியாக இருந்து குறுக்கப்பட்ட வாளும்கூட, எனவே மிட்சுனாரிக்கு முன்னே இதற்கு நீண்ட வாழ்க்கை இருந்திருக்கிறது.

இரண்டாவது, கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, யோஷியுகி என்ற கொல்லர் செய்த வாள். ஷோகுன் ஆட்சியை முடிக்கப் பாடுபட்ட சகாமோட்டோ ரியோமாவுடையது. 1867 டிசம்பர் 10ஆம் தேதி இரவு ஓமியா கடையின் மாடியில் அவரைக் கொன்றார்கள். உருவ நேரமில்லாமல் உறையோடேயே அடியைத் தாங்கினார் என்கின்றன அக்காலக் குறிப்புகள். இதைவிட உறுதியாக மோதலில் இருந்த வாள் வேறென்ன வேண்டும்? ஆனால் 1913இல் ஹொக்காய்டோவின் குஷிரோவில் குடும்பத்தார் வீட்டில் தீப்பிடித்தபோது இந்த வாளும் அதில் அகப்பட்டது. வளைவு போயிற்று. மறுபடி சாணை பிடித்தார்கள். யோஷியுகியின் வாள் மாதிரியே இல்லை, உண்மையா என்றுகூடப் பல காலம் கேள்வி இருந்தது. பிறகு அருங்காட்சியகத்தின் ஆய்வு அதைத் தீர்த்தது. சண்டை கண்ட வாளில் சண்டையின் சுவட்டைவிடத் தீயின் சுவடே பெரிது.

வீட்டுக் கதையையும் இப்படித்தான் உடைத்துக் கேட்க வேண்டும். யார் கையில், எந்த வருடம், அப்போது வாள் எங்கே இருந்தது, அதன் பிறகு யாராவது சாணை பிடித்தார்களா? 1945இல் ஒப்படைத்த வாள்களைக் கிடங்குகளில் விறகு மாதிரி அடுக்கினார்கள். டோக்கியோவின் அகாபானே கிடங்கில் அப்படிக் கிடந்து தப்பிய ஆயிரக்கணக்கான வாள்களை இன்றும் 'அகாபானே வாள்கள்' என்றே அழைக்கிறார்கள். உறையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வாள்கள் ஒன்றையொன்று கீறும், சில்லு எடுக்கும். போர்க்காலத்தில் பட்ட காயம்தான், ஆனால் சண்டையில் அல்ல.

சான்றிதழ் இதில் உதவாது. ஜப்பானின் பதிவுச் சீட்டு நீளம், வளைவு, துளை, பொறித்த பெயர் இவற்றைச் சொல்லும். 1948இல் தொடங்கிய வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்று யார் செய்த வாள், தரம் என்ன என்று சொல்லும். யாரோடு மோதியது என்று இரண்டுமே சொல்லாது. "சான்றிதழோடு கூடிய போர்வாள்" என்று யாராவது விற்றால், சான்றிதழ் ஒரு விஷயத்துக்கு, விலை வேறொரு விஷயத்துக்கு.

எழுதி வைப்பது

பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "முதுகு, நுனியிலிருந்து 31 செ.மீ., இடச்சரிவில் தொடங்கி முகட்டைத் தாண்டும் குறுக்குவெட்டு. ஆழம் சுமார் 1.5 மி.மீ. 'V' வடிவம், உதடு மழுங்கியது, அடியில் கருந்துரு. அரம் ராவிய கோடு இல்லை. சாணைக்கு முந்தியது. வாளின் வாய் பட்டதாக இருக்கலாம்." இதற்கு மேல் 'போர்' என்ற சொல்லை எழுத, அந்த வாள் யார் கையில் எங்கே இருந்தது என்ற எழுத்துச் சான்று வேண்டும். இல்லாதவரை 'இருக்கலாம்' போதும்.

வாயில் உள்ள திறந்த சில்லுக்கு: "கடைசிச் சாணைக்குப் பிந்தியது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

தழும்பை நிரப்பவோ ராவவோ யாரிடமும் கொடுக்காதீர்கள். பயிற்சி பெற்ற தோகிஷி, அதாவது ஜப்பானிய வாளுக்குச் சாணை பிடிப்பவர், அல்லாத எவர் கையிலும் வாளையே கொடுக்காதீர்கள். எண்ணெய் பூசும்போது வெட்டின் அடியில் அது தேங்கித் தூசியைப் பிடிக்கும், அங்கிருந்து புதுத்துரு கிளம்பும். மெல்லிய காகிதத்தின் மூலையை மடித்து வெட்டுக்குள் ஒருமுறை விட்டு, தேங்கிய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு உறையில் போடுங்கள்.